மிஞ்சியது ஒரு ஸ்டாம்பு

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். ஜொகூரின் தம்போயில் லெட்சுமணன் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்த நீலப் பெட்டியை யோகேஸ்வரி திறந்தாள். உடனே அலறவில்லை. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை தட்டினாள். பஞ்சு மட்டும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அலறினாள்.

காணாமல் போனது வைர மூக்குத்தி. ஒற்றைக் கல். வரப்போகிற மருமகளுக்குப் போடவென்று காஹாங் ஊரிலிருந்து, கைப்பைக்குள் இன்னொரு கைப்பை வைத்து, அதற்குள் கொண்டுவந்தது. காலையில் வந்த நேரத்திலிருந்து அதைப் பார்க்காதவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. பார்க்க விரும்பாதவர்களுக்கும் காட்டப்பட்டது.

லெட்சுமணன் போலீசைக் கூப்பிடவில்லை. பிள்ளைவீட்டுச் சம்பந்தி நடுக்கூடத்தில் நிற்கும்போது போலீஸ் ஜீப் வாசலில் நின்றால், கல்யாணம் ஜீப்பிலேயே ஏறிப் போய்விடும். அதனால் அப்துல் பாசித்துக்குப் போன் போட்டார்.

பாசித் தம்போயில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடையில் காணாமல் போன ஒரு பட்டுப்புடவையை, எடுத்துப் போனவளின் நடையில் தெரிந்த அவசரத்தை வைத்தே மீட்டவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்ததில் அவருக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. வாங்கப் போகிறவன் குறை சொல்வான், வாங்காதவன் புகழ்வான், திருடுகிறவன் ஒழுக்கம் பேசுவான். இந்த மூன்றில் அடங்காத ஒருவரை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

அவர் காலையிலும் அதே வீட்டுக்கு வந்திருந்தார். கூறைப்புடவைகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை கூடத்தில் நடந்த கூத்தைப் பார்த்தார்.

கல்யாண அழைப்பிதழ்களைத் தபாலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குத் தளபதி செல்லப்பன். லெட்சுமணனின் அக்கா புருஷன், உலு திராமில் வீடு, தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் அனுப்புவதில் உலகத்துக்கே பாடம் எடுக்கத் தகுதி தனக்குத்தான் உண்டு என்று அவர் நம்பினார். மற்றவர்கள் நம்பவில்லை என்பதையும் பொருட்படுத்தவில்லை. சாமி மாடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, பக்கத்தில் மேசை, கத்தரிக்கோல், டேப், ஈரப் பஞ்சு, சட்டைப்பையில் தபால்தலைகள் என்று உட்கார்ந்திருந்தார்.

"போஸ்கோட் அஞ்சு நம்பரும் ஊர்ப் பேருக்கு முன்னால வரணும் மலரு! ஒட்டி ஒட்டி எழுதாதே. மெஷின் படிக்கணும், நீ இல்ல."

"சரி மாமா," என்று திரைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் வந்தது. மலர், லெட்சுமணனின் மனைவி ராஜம்மாவுடைய அக்கா மகள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகக் காலையிலேயே வரவழைக்கப்பட்டிருந்தாள்.

"ஆறுக்கு எதுக்கு இவ்வளவு நீள வாலு? அது நம்பரா, எலியா?"

மாப்பிள்ளையின் மாமன் மகன் ரூபேந்திரன் உறைகளுக்குள் அழைப்பிதழைச் செருகிக்கொண்டிருந்தான். அழைப்பிதழில் தங்க நிறத்தில் ஒரு குஞ்சம் தொங்கியது. குஞ்சத்துக்கென்றே அச்சகத்தில் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். செல்லப்பன் அத்தனையையும் வெட்டச் சொன்னார்.

"குஞ்சம், கிளிப்பு, ஊசி, ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது. உப்பலா இருந்தா மெஷின் கடிச்சிரும்."

"அலமாக்! நல்லா இருக்கிற கார்டை மொட்டையடிக்கச் சொல்றீங்களே அங்கிள்," என்றான் ரூபேந்திரன்.

"நல்லா இருக்கிறது முக்கியமா, போய்ச் சேர்றது முக்கியமா?"

ராஜம்மா குழைத்த மஞ்சளை ஒவ்வொரு உறையின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் செல்லப்பனுக்குப் பிடிக்கவில்லை.

"மஞ்சளைக் கொஞ்சமா வைம்மா, ஸ்டாம்பு ஒட்டாது. தபால் அனுப்புறோமா, பொங்கல் வைக்கிறோமா?"

"மூலையில மஞ்சள் இல்லாம போனா சாவுக் கடுதாசின்னு பயந்துருவாங்க அண்ணே. ஒண்ணு விடாம வைப்பேன்."

"வை, வை. சாமியோட சேத்து நூறு பேரு, நூறு ஸ்டாம்பு, நேத்தே வாங்கிட்டேன். ஸ்டாம்பை மட்டும் யாரும் தொடக் கூடாது. கோணலா ஒட்டிக் குடுத்தா எனக்குத்தான் அவமானம். முதல் கார்டு சாமிக்கு. சாமிக்கு ஸ்டாம்பு ஒட்ட முடியாது. ஒண்ணு மிஞ்சும்."

முதல் கார்டு சாமி மாடத்துக்குப் போனது. பிறகு ராஜம்மா ஸ்டாம்பு ஒட்டாத குவியலில் தேடி ஓர் உறையை எடுத்தாள். அப்துல் பாசித், தம்போய் என்று மலரின் கையெழுத்து.

"பாய், வந்த காலோட வாங்கிக்குங்க. இதே ஊருல இருக்கீங்க, உங்களுக்குப் போய்த் தபால்ல அனுப்புனா மரியாதையா?"

பாசித் வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். மஞ்சள் காயவில்லை. வெள்ளைச் சட்டையில் நான்கு விரல் அகலத்துக்கு அப்பிக்கொண்டது. மனைவி ஜாஹிதா என்ன சொல்வாள் என்று யோசித்தபடியே கடைக்குத் திரும்பினார்.

அதே கறையோடுதான் இப்போது மறுபடியும் வந்து நின்றார்.

கூடத்தின் நடுவில் ஒரு கைப்பை கவிழ்ந்து கிடந்தது. சீப்பு, பஸ் கார்டு, முகப் பவுடர், மடித்த துண்டு. அதற்குப் பின்னால் மலர் நின்றாள். அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ அவளுக்குச் சொன்ன மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ ஒருத்திதான் வெளிய போனா," என்றாள் யோகேஸ்வரி. "நான் பெட்டியைச் சாமிகிட்ட வச்சிட்டு உங்க வீட்டம்மாவோட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா காணோம். மத்தவங்க எல்லாரும் வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க, எல்லாரையும் சோதிச்சாச்சு. ரூபேந்திரன் சட்டைப்பை, அவன் காரு, செல்லப்பன் ஐயா பை, அலமாரி, சோபா, ஒண்ணு விடல. இவ மட்டும் தபால் போடுறேன்னு கிளம்பி, கடைவரிசை வரைக்கும் போயிட்டு வந்திருக்கா. வழியில யார் கையில குடுத்தாளோ!"

"நான் எடுக்கல," என்றாள் மலர்.

"எடுத்தவ வேற என்ன சொல்லுவா? எங்க குடும்ப குரூப்புல வாய்ஸ் போட்டு எல்லாருக்கும் சொல்லிட்டேன். இன்னொண்ணும் சொல்றேன் பாய். இந்தப் பொண்ணு திங்கட்கிழமை நகைக்கடையில வேலைக்குச் சேரப் போகுதாம். அந்த முதலாளி எங்களுக்குப் பழக்கம். ஒரு போன் போதும்."

மலரின் முகம் அப்போதுதான் மாறியது. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே, பல கடை ஏறி இறங்கிக் கிடைத்த வேலை அது. வைரம் திருடியவள் என்ற பேச்சு ஒன்று போதும், ஜொகூரில் எந்த நகைக்கடையும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

"போன் எங்கேயும் ஓடிப் போகாது," என்றார் பாசித். "அரை மணி நேரம் கழிச்சுப் பண்ணுங்க."

அவர் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. ரூபேந்திரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ எங்க இருந்தே?"

"போர்ட்டிகோல, சிகரெட் குடிச்சிட்டு இருந்தேன் பாய். செருகுற வேலை முடிஞ்சதும் போயிட்டேன்."

"எத்தனை தடவை உள்ள வந்தே?"

"வரல லா. உள்ள வந்தா அங்கிள் வேற எதையாச்சும் வெட்டச் சொல்லுவாரு."

பொய் சொல்கிறவன் இவ்வளவு சோம்பலாகச் சொல்லமாட்டான். பாசித் அவனை அத்தோடு விட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், கழுத்தில் கயிறு கனத்துக்குச் சங்கிலி, கையில் வாட்ச். அவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று லெட்சுமணனின் கண் கெஞ்சியது. சம்பந்தி வீட்டுத் திருட்டு சம்பந்தி வீட்டோடு போகுமே என்ற ஆசை. பாசித் அந்தக் கண்ணைப் பார்க்காததுபோல் இருந்தார்.

"நீங்க எங்க இருந்தீங்க லெட்சுமணன்?"

"லாரிப் பட்டறையில பாய். போன் வந்தப்புறம்தான் ஓடி வந்தேன்."

"ராஜம்மா?"

"சம்பந்தியம்மாவோட அடுப்படியில. மஞ்சள் வைக்கிறது முடிஞ்சு, கிண்ணத்தைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் போனேன்."

"சரி. மலரு, நீ சொல்லும்மா. தபால்பெட்டியில எப்படிப் போட்டே?"

"கட்டுக் கட்டா எடுத்து, ரப்பரைக் கழட்டிட்டுப் போட்டேன். ரப்பரோட போடக் கூடாதுன்னு மாமா சொல்லியிருந்தாரு."

"போடும்போது பேரு, அட்ரஸ் பாத்தியா?"

"இல்ல பாய். காலையில இருந்து நான்தானே எழுதினேன், மறுபடியும் எதுக்குப் பாக்கணும்? ஓரம்தான் தெரிஞ்சுச்சு. வரிசையா மஞ்சளா இருந்துச்சு. உங்களோடது மட்டும் வெள்ளை."

"என்னோடதா?"

"ஆமா. உங்களுக்கு எழுதினதுதானே அது? முஸ்லிம் வீட்டுக்குப் போறதுன்னு சின்னம்மா மஞ்சள் வைக்காம விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். கட்டுக்கு நடுவுல அது ஒண்ணோட மூலை மட்டும் வெள்ளையா இருந்துச்சு."

பாசித் தலையைக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது வாய் லேசாகக் கோணியிருந்தது. அவரைத் தெரிந்தவர்கள் அதைச் சிரிப்பு என்பார்கள். ஜாஹிதா மட்டும் சிரிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"செல்லப்பன் ஐயா, உங்ககிட்ட ரெண்டே கேள்வி."

"கேளுங்க. நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்ல. எல்லாரும் சாட்சி."

"யாரு சாட்சி? ரெண்டு பேரு அடுப்படியில, ஒருத்தன் வெளிய, இந்தப் பொண்ணு திரைக்குப் பின்னால. சாமி ஒண்ணுதான் சாட்சி. சரி, ஸ்டாம்பு பூரா நீங்களே ஒட்டினீங்களா?"

"நானேதான். வேற ஒருத்தர் விரல் பட்டிருக்காது. வலது பக்கம் மேல் மூலையில, ஓரத்துல இருந்து ஒரே அளவு தள்ளி. நூலு புடிச்ச மாதிரி இருக்கும். போய்ப் பாருங்க."

"பாக்க முடியாது, நான் வர்ற வழியில பாத்தேன், தபால்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். மிச்சம் இருக்கா?"

செல்லப்பன் சட்டைப்பையிலிருந்து ஒற்றைத் தபால்தலையை எடுத்து, விரல் நுனியில் வைத்துக் காட்டினார். முகத்தில் பரிசு வாங்கிய பெருமை. "ஒண்ணு. நான் காலையிலயே சொன்னேன்ல? சாமியோடது. என் கணக்கு எப்பவும் தப்பாது."

"தப்பாது, தப்பாது," என்றார் பாசித்.

நாற்காலிக்குப் பின்னால் சாமி மாடம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. மேசையில் டேப் இருந்தது. அச்சகத்தில் கொசுறாகக் கொடுத்த வெற்று உறைகள் ஒரு கட்டு, அதன் காகிதப் பட்டை கிழிந்து கிடந்தது. பாசித் எதையும் தொடவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்று, வாங்காத வாடிக்கையாளரிடம் பேசும் குரலை எடுத்தார்.

"உங்க கல்லு வீட்டை விட்டுப் போயிருச்சும்மா. தபால்ல போயிருக்கு. கல்யாணக் கார்டுக் கட்டோட கலந்து, இந்தப் பொண்ணு கையாலயே. அவளுக்கே தெரியாம."

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். பாசித் கையைக் காட்டி மூடவைத்தார்.

"யாரு செஞ்சாங்கன்னு அப்புறம் பாப்போம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். செஞ்சவன் அடிமுட்டாள். எங்க கடைப் பையன்கூட பொட்டலத்தை ஒழுங்கா மடிப்பான். இவன் மூக்குத்தியை வெறும் கவருக்குள்ள போட்டு, வாயை நக்கி ஒட்டி அனுப்பியிருக்கான். சாயங்காலம் மெஷின்ல போடுவாங்க. உருளை அமுக்கும். கம்பி கவரைக் கிழிச்சிட்டு வெளிய வந்துரும். கல்லு எங்கேயோ உருண்டு ஓடிரும். கவரு மட்டும் பல்லு போன வாய் மாதிரி போய்ச் சேரும். கவர் தயார் பண்ணத் தெரியாத கழுதைக்கு வைரம் ஒரு கேடா?"

"அதெல்லாம் இல்ல," என்றார் செல்லப்பன்.

"என்ன இல்ல? தபால்னா என்னன்னே தெரியாத தற்குறி வேலை. கல்லைப் போட்டா உப்பும்னுகூட அறிவு இல்ல."

"எப்படி உப்பும்?" செல்லப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. "ரெண்டு கார்டுக்கு நடுவுல பள்ளம் வெட்டி, பஞ்சு வச்சு, நாலு பக்கமும் டேப் போட்டா எந்த மெஷின் என்ன பண்..."

நின்றார். வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. ஊரில் இருக்கிற உறைகளையெல்லாம் ஒழுங்காக மூடக் கற்றுக்கொடுத்தவருக்கு, அந்த ஒன்றை நேரத்துக்கு மூடத் தெரியவில்லை.

"அத்தான்?" என்றார் லெட்சுமணன்.

"இல்ல, நான் பொதுவாச் சொன்னேன். அப்படிச் செஞ்சா கிழியாதுன்னு..."

"பொதுவாவா?" என்றார் பாசித். "உட்காருங்க. உங்க கணக்கையே நான் சொல்றேன். நூறு பேருக்கு நூறு ஸ்டாம்பு. சாமிக்கு ஒட்டல, ஒண்ணு மிச்சம். எனக்குக் கையில குடுத்தாங்க, அதுக்கும் ஒட்டல. இன்னொண்ணு மிச்சம். ரெண்டு இருக்கணும். நீங்க ஒண்ணைக் காட்டுறீங்க. காலையிலயே ஒண்ணு மிஞ்சும்னு நீங்க அறிவிச்சதால எல்லாரும் தலையாட்டிட்டாங்க. கணக்கு சரியா வந்ததுதான் தப்பு."

ராஜம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள்.

"அப்ப மலரு பாத்த வெள்ளைக் கவரு?" என்றாள். "நான் பாய்க்கும் மஞ்சள் வச்சேனே!"

"வச்சீங்க. அதோ என் சட்டையே சொல்லுது. என்னோட கவரு பெட்டிக்குப் போகவே இல்ல. இந்தப் பொண்ணு திரைக்குப் பின்னால எழுத்துல கவனமா இருந்ததால, அது அவளுக்குத் தெரியாது. மஞ்சள் வைக்காத கவர் உங்க கை வழியா வராத கவர். நீங்க கிண்ணத்தைக் கழுவிட்டுப் போனப்புறம் தயாரானது. ஆனா ஸ்டாம்பு இருந்துச்சு. ஸ்டாம்பை ஒருத்தர் மட்டும்தான் தொட்டாரு. அதையும் அவரே பெருமையாச் சொல்லிட்டாரு." அவர் யோகேஸ்வரியிடம் திரும்பினார். "எனக்குன்னு வாங்குன ஸ்டாம்புலதான் உங்க வைரம் பயணம் போகுதும்மா. அட்ரஸ் உலு திராம், இவரு வீடு. போஸ்கோட் ஊர்ப் பேருக்கு முன்னால இருக்கும், எழுத்து தெளிவா இருக்கும். கண்டிப்பாப் போய்ச் சேரும். அதுல நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்."

செல்லப்பன் உட்கார்ந்துவிட்டார். "வந்ததுல இருந்து அந்தம்மா என்னை 'ஏய் கிராணி, ஏய் கிராணி'ன்னு..."

"உங்க காரணத்தை உங்ககிட்டயே வச்சுக்குங்க," என்றார் பாசித். "தபால் வர்ற வரைக்கும் லெட்சுமணன் உங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பாரு. கவரு உங்க கையில வராது, அவரு கையில வரும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாசித் எதிர்பார்த்த சந்தை கூடிவிட்டது. அரை மணி நேரம் முன்பு திருட்டு, நகைக்கடை, குரூப் என்று கத்திய வீடு, இப்போது தனக்குள் குசுகுசுத்தது.

"நகைதான் கிடைச்சிருமே," என்றாள் யோகேஸ்வரி. குரலில் தேன். "சம்பந்தி வீட்டுப் பெரியவரு. வெளிய தெரிஞ்சா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். இதோட விட்டுருவோம்."

"ஆமாம்மா மலரு," என்றார் லெட்சுமணன், அவசரமாக. "உன்மேல தப்பு இல்லன்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. பெரிசு பண்ணாதே. கல்யாண நேரம்."

பாசித் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பெண்ணின் பையைக் கவிழ்க்கும்போது கல்யாண நேரம் யாருக்கும் நினைவில்லை. கிராணியின் வேட்டி அவிழும்போது மட்டும் நாள், நட்சத்திரம் எல்லாம் வந்துவிடுகிறது. அவர் குனிந்து, காலையில் இறக்கிய புடவை மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"பாய், புடவை?" என்றாள் ராஜம்மா, பதறி.

"இந்த வீட்டுல பேரம் இன்னும் முடியல போலிருக்கு. முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

ஆனால் வாசல்படியில் அவர் நின்றார். மலர் பேசத் தொடங்கியிருந்தாள்.

"குரூப்புல என் பேரைச் சொன்னீங்கதானே அத்தை? அதே குரூப்புல இப்ப சொல்லுங்க."

"சொல்றேம்மா, அதுக்கென்ன." யோகேஸ்வரி போனை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பேசினாள். "நகை கிடைச்சிருச்சு. ஏதோ தவறுதலா இடம் மாறிப் போச்சு. யாரும் எதுவும் நினைச்சுக்க வேணாம்."

"அழிச்சிடுங்க," என்றாள் மலர். "மறுபடி சொல்லுங்க."

யோகேஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு லெட்சுமணனைப் பார்த்தாள். லெட்சுமணன் தரையைப் பார்த்தார். மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"நகை விஷயமா நான் முன்னாடி சொன்னது சரியில்ல. அந்தப் பொண்ணு எடுக்கலன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

"அழிச்சிடுங்க. எந்தப் பொண்ணு? அப்ப பேரு சொன்னீங்க. யாரு எடுத்தான்னும் சொன்னீங்க."

"இதப் பாரு, ரொம்பப் பேசாதே. கல்யாணமே..."

"கல்யாணம் உங்க வீட்டுது. பேரு என்னோடது. விலை ஒண்ணுதான் அத்தை."

ரூபேந்திரன் சிரிப்பை அடக்கப் போர்ட்டிகோ பக்கம் திரும்பிக்கொண்டான். படியில் நின்ற பாசித், தோளில் இருந்த மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினார். நாற்பது வருஷக் கல்லாவில் இப்படி ஒரு காசுகூட இறங்காத கையை அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை யோகேஸ்வரியின் குரல் கம்மியது. "மலர் நகையை எடுக்கல. எடுத்தது செல்லப்பன், லெட்சுமணனோட அத்தான். நான் மலர் மேல வீண்பழி போட்டுட்டேன்."

நாற்காலியில் செல்லப்பன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மலர் ஒரு கணம் யோசித்தாள்.

"ம்," என்றாள். "அனுப்புங்க."